கோயம்பேடு பார்ட்டி

2025 ஆகஸ்டில் மூன்று வார விடுப்பில் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். சென்னையில் அக்காள் வீடு, திருச்சியில் பெரியப்பா, மதுரையில் ஆவணி முகூர்த்தத்தில் ஒரு கல்யாணம் என்று எல்லாமே குறையில்லாமல் நடந்தன. ஆகவே அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சென்னையிலிருந்து திருச்சிக்குப் பேருந்து ஏறப்போன ஓர் இரவைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அன்று அக்காள் குடும்பம் ஒரு வரவேற்புக்குப் போயிருந்தது. வீட்டைப் பூட்டிச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு, வடபழனியில் மெட்ரோ ஏறினேன். பத்தரை மணி வண்டிக்கு ஒன்பது மணிக்கே கோயம்பேடு போய்ச் சேரும் சிங்கப்பூர்ப் பழக்கம் எனக்கு. அரும்பாக்கத்துக்கு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு நிலையத்துக்குள் நுழைந்த பிறகுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது. 'திருச்சி திருச்சி திருச்சி' என்று மூச்சு விடாமல் கூவும் குரல் இல்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே மேற்கே போகும் வண்டிகள் சில நின்றிருந்தன. தெற்கே போகும் வண்டி ஒன்றையும் காணோம். ஒரு காலத்தில் காலை வைக்க இடமில்லாமல் குடும்பங்கள் துண்டு விரித்துப் படுத்திருந்த நடைமேடையில், ஒரு நாய் கையும் காலும் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

தெற்கே போகும் வண்டிகளுக்காகக் கிளாம்பாக்கத்தில் புது நிலையம் வந்த செய்தியை நான் படிக்காமல் இல்லை. 2023 டிசம்பர் கடைசியில் திறந்தபோது படமெல்லாம் பார்த்தேன். ஆனால் செய்தியாகப் படித்தது கால்களுக்கு எட்டவில்லை. பயணச்சீட்டுக் குறுஞ்செய்தியில் ஏறுமிடம் என்ற இடத்தில் கிளாம்பாக்கத்தின் சுருக்கப் பெயரான கே.சி.பி.டி. என்று தெளிவாகவே இருந்தது. அந்த நான்கு எழுத்துகளை என் கண் நான்கு நாளாகக் கோயம்பேட்டின் சி.எம்.பி.டி. என்றே வாசித்து வந்திருக்கிறது. பிழை முழுக்க என்னுடையதுதான் என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆனால் ஒரே நகரத்தின் இரண்டு பேருந்து நிலையங்களுக்கு இப்படி இரட்டைப் பிள்ளைகளுக்கு வைப்பதுபோல் பெயர் வைக்க வேண்டுமா என்ற கேள்வியும் எனக்கு உண்டு.

கிளாம்பாக்கம் போகும் நகரப் பேருந்தில் ஏறி, நடத்துநரிடம் விவரத்தைச் சொன்னேன். முப்பது வயதுகூட இருக்காது அவருக்கு. பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒன்றரை வருஷம் லேட்டா வந்திருக்கீங்க சார்" என்றார். முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பேருந்து நூறடிச் சாலையில் கிளம்பியது. அந்தச் சாலை எந்த வழியாகப் போகிறது என்பது படிப்பவர்களுக்குத் தெரியும். கால் மணி நேரத்தில் வடபழனி சிக்னலில், அக்காள் வீட்டுத் தெருமுனைக்கு எதிரே, நான் மெட்ரோ ஏறிய நிலையத்தின் நிழலிலேயே வண்டி நின்றது. அந்த நேரம் பார்த்து அக்காள் அழைத்தாள். "பஸ் ஏறிட்டியாடா?" "ஏறிட்டேன்க்கா." "எதுவரைக்கும் போயிட்ட?" சிக்னல் விழுந்த சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கிண்டி, விமான நிலையம், பல்லாவரம், குரோம்பேட்டை என்று ஒவ்வொன்றாக நகர்ந்தது. கோயம்பேட்டிலிருந்து கிளாம்பாக்கம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். என் ஆத்திரமெல்லாம் இந்த ஒரு கணக்கில்தான். 2002 நவம்பரில் பாரிமுனையிலிருந்து கோயம்பேட்டுக்குப் பேருந்துகள் வந்தபோது அங்கே ரயில் இல்லை. பன்னிரண்டரை ஆண்டு காத்திருந்த பிறகு, 2015 ஜூன் மாதம் மெட்ரோ வந்தது. பெட்டியோடு இறங்கிப் பேருந்துக்கு நடந்துபோகும் வசதி சென்னைக்காரனுக்கு வாய்த்தது எட்டரை ஆண்டுகள்தான். அதற்குள் பேருந்துகள் மறுபடியும் ரயில் இல்லாத இடத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டன. நான் போனபோது கிளாம்பாக்கத்தில் ரயில் நிலைய வேலை முடிந்திருக்கவில்லை. நான் குடியிருக்கும் தோ பாயோவில், சிங்கப்பூரின் முதல் குளிரூட்டப்பட்ட பேருந்து முனையம் திறந்ததும் அதே 2002இல்தான். 1987இலிருந்து இயங்கும் எம்.ஆர்.டி. ரயில் நிலையத்துக்கு அருகிலேயே அதைக் கட்டினார்கள். மழை பெய்தாலும் நனையாமல் மாறலாம். அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

தாம்பரத்துக்கு முன்னால் மணி பத்தே காலைத் தாண்டியது. நடத்துநர் நான் கேட்காமலே என் கைபேசியை வாங்கி, குறுஞ்செய்தியில் இருந்த எண்ணை அழைத்தார். "அண்ணே, கோயம்பேடு போன பார்ட்டி ஒருத்தர் நம்ம வண்டியில வர்றாரு. வெளிநாட்டுக்காரரு, பாவம். அஞ்சு நிமிஷம் பாருங்க." வெளிநாட்டுக்காரர் என்றதுகூட எனக்குப் பரவாயில்லை, அந்தப் 'பாவம்'தான் குத்தியது. பெருங்களத்தூர் வந்தது. ஒரு காலத்தில் கோயம்பேட்டைத் தவறவிட்டவர்களுக்கெல்லாம் கடைசிப் புகலிடம் அந்தச் சாலையோரம்தானே. ஆட்டோ பிடித்து முன்னால் போய் நின்று கைகாட்டினால் வண்டி நிற்கும். இப்போது வண்டி புறப்படுவதே அதற்கும் தெற்கே என்பதால் அந்த வித்தையும் செல்லாது.

பத்து நாற்பத்தேழுக்கு இறங்கினேன். கிளாம்பாக்கத்தைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். 88 ஏக்கருக்கு மேற்பட்ட இடத்தில், விமான நிலையம்போல் வளைந்த கூரையும், வெளிச்சமும், நகரும் படியும், மூக்கைப் பொத்தாமல் போய்வரக்கூடிய கழிப்பறையும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பெட்டிச் சக்கரம் தடுமாறாமல் உருளும் தரையைத் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையத்தில் முதன்முதலாக அங்கேதான் பார்த்தேன். என் வண்டி பத்து நிமிடம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டிருந்தது. நோட்டுப் புத்தகத்துடன் நடைமேடையில் நின்ற ஒருவர் என்னைக் கண்டதும், "கோயம்பேடு பார்ட்டி நீங்கதானா?" என்றார். போகும்போது சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்த திருச்சி வண்டியில் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கை காட்டி, பெட்டியையும் தூக்கி வைத்தார். புதிதாகச் சீட்டு எடுக்க வேண்டியிருந்தது. பழைய பணம் போனது போனதுதான்.

தோ பாயோவில் வண்டி நகரத் தொடங்கிவிட்டால், கதவைத் தட்டினாலும் ஓட்டுநர் திறக்கமாட்டார்; அவரைக் கூப்பிட்டுச் சொல்ல எண்ணும் கிடையாது. அது முறைதான், குறை சொல்லவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளில் அங்கே யாரிடமும் வழி கேட்க வேண்டிய அவசியமே எனக்கு வந்ததில்லை. அதனால்தானோ என்னவோ, அந்த நடத்துநர் முகம் நினைவிருப்பதுபோல் அங்கே ஒரு ஓட்டுநர் முகமும் நினைவில் இல்லை.

விடியுமுன் திருச்சியில் இறங்கினால், அது மத்தியப் பேருந்து நிலையம் இல்லை, பஞ்சப்பூர். ஜூலை 16இல்தான் வண்டிகள் அங்கே மாறியிருக்கின்றன, நான் போவதற்குச் சில வாரம் முன்பு. மத்தியப் பேருந்து நிலையத்தில் இறங்கி, டீ குடித்து, ஜங்ஷன் பக்கம் நடந்து, நகரப் பேருந்து பிடிப்பதுதான் என் கால்களுக்குத் தெரிந்த திருச்சி. பெரியப்பாவோ, "நல்லதுதான், ஊருக்குள்ள நெரிசல் குறைஞ்சிருக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

மதுரையில் மட்டும் என் நினைவும் நிலமும் ஒத்துப்போயின. மாட்டுத்தாவணியில் இறங்கியபோது அப்பாடா என்றிருந்தது. அதைச் சொன்னதும் கல்யாண வீட்டில் ஒரு பெரியவர் சிரித்தார். மாட்டுத்தாவணி என்றால் மாட்டுச் சந்தைதானே, அங்கே நிலையம் வந்த புதிதில், 'சந்தைக்காட்டுல கொண்டுபோய் விட்டுட்டாங்க' என்று மதுரைக்காரர்கள் புலம்பியதை அவர் நினைவுபடுத்தினார். எனக்கு என் அப்பா நினைவுக்கு வந்தார். 2003 பொங்கலுக்குப் பிறகு என்னை விமானம் ஏற்றிவிடத் திருச்சியிலிருந்து வந்து, முதன்முதலாகக் கோயம்பேட்டில் இறங்கியவர், நிலையத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னது: "பாரிமுனையில இறங்கினா கடல் காத்தாவது அடிக்கும். இது எந்தக் காடுடா?"

மதுரையிலிருந்து திரும்பும்போது குறுஞ்செய்தியை மூன்று முறை படித்தேன். நடந்ததை அக்காளிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்றிரவே அவள் மகன் என் எண்ணைத் தன் கைபேசியில் 'கோயம்பேடு பார்ட்டி' என்று மாற்றிப் பதிந்துவிட்டான்.