சேப்பல்: கம்பைல் ஆகும்போதே தடுத்துவிடும் மொழி

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததே, அது எந்தப் பக்கம் எப்படிப் பரவியிருக்கும் என்று கட்டம் கட்டமாகக் கணக்குப் போடும் நிரல் ஒன்றைத் தண்டையார்பேட்டை வீட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதலில் சி மொழியும், ஒரு வேலையைக் கணினியின் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஓப்பன்எம்பியும். இப்போது முழுக்க சேப்பல், அப்படிப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டுவதற்கென்றே வந்த நிரல் மொழி.

வேகத்துக்காக மாறவில்லை. எல்லாக் கட்டத்து எண்ணெயையும் கூட்ட வேண்டும் என்று வையுங்கள். ஓப்பன்எம்பியில் லூப்புக்கு மேல் ஒரு பிராக்மா வரி, அதாவது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு ஒரு குறிப்பு. அதில், தனித்தனிக் கூட்டுத்தொகைகளைக் கடைசியில் ஒன்றாகச் சேர்க்கும் ரிடக்‌ஷனைச் சொல்லாமல் விட்டாலும் கம்பைல் ஆகிவிடும். பல திரெடுகள் (ஒரே நேரத்தில் ஓடும் நிரலின் கிளைகள்) ஒரே மாறியில் எழுதி, ஓட்டும்போதெல்லாம் கூட்டுத்தொகை மாறி மாறி வரும். சேப்பலில், வேலையைப் பிரித்து ஓட்டும் 'ஃபார்ஆல்' லூப்பில், வெளியே இருக்கும் எண் மாறியை உள்ளே படிக்க மட்டும்தான் முடியும். கூட்டப் போனால் கம்பைலர் நிறுத்திவிடும். 'வித்' போட்டு '+ ரெடியூஸ்' என்று எழுதினால் சரியான விடை. மாறியை நேரடியாகவே மாற்ற 'ரெஃப்' என்று நாமே கேட்டால் விட்டுவிடும். அதன்பின், ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டுமே மாற்றக்கூடிய அட்டாமிக் மாறி வைப்பது நம் பொறுப்பு. இந்த ஒரு முடிவுக்காகவே இதை வடிவமைத்தவர்களைக் கும்பிடலாம்.

'டொமைன்' இன்னொரு அருமை. கட்டங்களின் எல்லைக்கே ஒரு பெயர் வைத்துவிடலாம். கரையோரக் கட்டங்களை ஒதுக்க ஓரத்தில் ஒரு வரிசை சுருக்கினால் போதும், இன்டெக்ஸ் கணக்கில் தலை சுற்றாது. அந்த டொமைனைப் பல கணினிகளுக்குப் பங்கிட்டால் லூப்பை அநேகமாகத் தொடவே வேண்டாம் என்கிறார்கள். என்னிடம் இருப்பது ஒரே கணினி, அதனால் அதற்கு மதிப்பெண் போடவில்லை.

அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்ப்பாவின் சூப்பர்கம்ப்யூட்டர் திட்டத்தில் கிரே நிறுவனம் தொடங்கியது சேப்பல். கூடவே வளர்ந்த சன் நிறுவனத்தின் ஃபோர்ட்ரெஸ் 2012இல் நின்றுபோனது. 2019இல் கிரேயை ஹெச்பிஇ வாங்கிய பிறகும் சேப்பல் நிற்கவில்லை. 2024 மார்ச்சில் 2.0 வந்தது. இலவசம், ஓப்பன் சோர்ஸ்.

குறை? கம்பைல் நேரம். சின்ன நிரலுக்கே பொறுமை வேண்டும், பழைய லேப்டாப் என்றால் இன்னும் அதிகம். விண்டோஸில் நேரடியாக ஓடாது, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட வேண்டும். வேலைவாய்ப்பு விளம்பரங்களில் இந்தப் பெயரை நான் பார்த்ததில்லை. பிள்ளைகளிடம் அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் வியாசர்பாடி மாலை வகுப்பில் திரெடுக்கு முன்னால் ஃபார்ஆலைத்தான் நடத்துகிறேன்.

போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒன்று: எழுதும்போது சாதாரணமாகக் கம்பைல் செய்யுங்கள், அரே எல்லை மீறினால் சொல்லும். வேகம் அளக்கும்போது மட்டும், அந்தச் சோதனைகளை நிறுத்தும் '--ஃபாஸ்ட்' கொடுங்கள். அது இல்லாமல் அளந்துவிட்டு சேப்பல் மெதுவு என்று முடிவு கட்டாதீர்கள்.