1,480 டாலர் வாங்கிக்கொண்டு பொருந்தாத கார்புரேட்டரை மாட்டிவிட்டார்கள்: எண்பதுகளின் ஜி.எம். கார் வைத்திருப்போர் கவனத்துக்கு

பழைய கார்களில் கைதேர்ந்தவர்கள் என்று விளம்பரம் செய்துகொள்ளும் ஒரு பழுதுபார்க்கும் பட்டறை, என்னிடம் 1,480 டாலர் வாங்கிக்கொண்டு, என் காருக்குச் சற்றும் பொருந்தாத கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம்) மாட்டி, அது வெளியே தெரியாமலிருக்க எச்சரிக்கை விளக்கின் பல்பையும் கழற்றிவிட்டு, "எல்லாம் சரியாகிவிட்டது" என்று சாவியைக் கையில் கொடுத்தது. நேற்று ஸ்மாக் செக் எனும் கட்டாயப் புகைச் சோதனையில் கார் தோற்ற பிறகுதான் உண்மை வெளிவந்தது. கோபம் ஆறுவதற்கு முன்பே இதை எழுதுகிறேன். கலிபோர்னியாவில் இத்தகைய கார் வைத்திருக்கும் நம்மவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவருக்கும் இந்தக் கதி நேரக்கூடாது. எதையெல்லாம் சோதித்துப் பார்க்கவேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என்னுடையது ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.) நிறுவனத்தின் 1986ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ் சுப்ரீம், 307 வி8 (எட்டு சிலிண்டர்) என்ஜின். இதிலுள்ள ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் பார்வைக்குப் பழைய கார்புரேட்டர் போலத்தான் இருக்கும். ஆனால், 1981 முதல் ஜி.எம். தன் அமெரிக்கக் கார்களில் பரவலாகக் கொண்டுவந்த கம்ப்யூட்டர் கமாண்ட் கன்ட்ரோல் முறையின் ஓர் உறுப்பு அது. புகை வெளியேறும் வழியில் உள்ள ஆக்சிஜன் சென்சார், கலவையில் பெட்ரோல் கூடுதலா குறைவா என்று கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்கிறது. கம்ப்யூட்டர், கார்புரேட்டருக்குள் இருக்கும் மிக்ஸ்சர் சொலினாய்டை (மின்சாரத்தால் இயங்கும் சிறு வால்வு) நொடிக்கு 10 முறை இயக்கி, ஒவ்வொரு துடிப்பிலும் அது எவ்வளவு நேரம் பெட்ரோலை மட்டுப்படுத்தவேண்டும் என்பதை ஏற்றி இறக்கிக் கலவையைச் சரிப்படுத்துகிறது. ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தியிருக்கிறோம் என்பதை த்ராட்டில் சென்சார் சொல்கிறது. தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில், அதன் நேரத்தைத் தானே மாற்றும் வேக்குவம் அட்வான்ஸ் கிடையாது; தீப்பொறி விழவேண்டிய நேரத்தையும் அதே கம்ப்யூட்டர்தான் முடிவு செய்கிறது. ஆகவே இந்தக் கார்புரேட்டரை எடுத்துவிட்டு, அதே இடத்தில் கம்ப்யூட்டர் தொடர்பில்லாத பழைய குவாட்ராஜெட் ஒன்றை மாட்டினால் கார் ஓடும். ஆனால், கம்ப்யூட்டர் பாதித் தகவலோடு தடுமாறும், கலவையைத் திருத்த எவரும் இருக்கமாட்டார்கள், மிகுதிப் பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுக்கும்.

தொடக்கத்தில் கோளாறு சிறியதாகத்தான் இருந்தது. நின்ற இடத்தில் என்ஜின் குலுங்கியது, பெட்ரோல் நெடி அடித்தது, செக் என்ஜின் விளக்கு எரிந்தது. டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள 12 முனை இணைப்பில் ஏ, பி என்ற இரு முனைகளையும் ஒரு கம்பியால் சேர்த்துச் சாவியைத் திருப்பினால், அந்த விளக்கே கண்சிமிட்டிக் கோளாறின் எண்ணைச் சொல்லும். எனக்கு வந்தது 45, அதாவது பெட்ரோல் மிகுதி. இதற்குக் காரணங்கள் பல. கார்புரேட்டருக்குள் இருக்கும் நுரைப்பிளாஸ்டிக் மிதவை பல ஆண்டுகள் பெட்ரோலைக் குடித்துக் கனத்துப்போயிருக்கலாம், சொலினாய்டு சிக்கியிருக்கலாம், ஆக்சிஜன் சென்சாரே பொய் சொல்லலாம். பிரித்தறிய, சொலினாய்டுக்குக் கம்ப்யூட்டர் தரும் கட்டளையை அளந்து காட்டும் டுவெல் மீட்டரை கார்புரேட்டர் அருகில் தொங்கும் பச்சை இணைப்பில் மாட்டவேண்டும். வி8 என்ஜினாக இருந்தாலும் மீட்டரை 6 சிலிண்டர் அளவில்தான் வைக்கவேண்டும். முள் 30ஐச் சுற்றி அசைந்துகொண்டிருந்தால் நலம். 50க்கு மேல் அசையாமல் நின்றால், கம்ப்யூட்டர் தன்னால் இயன்றவரை பெட்ரோலைக் குறைக்கப் பார்த்தும் முடியவில்லை என்று பொருள்.

நான் அந்தப் பட்டறை உரிமையாளரை நம்பிய நொடி எது என்று இப்போதும் துல்லியமாகச் சொல்வேன். அவர் ஏர் கிளீனரைத் தூக்கி வைத்துவிட்டு, சிறிய ஸ்க்ரூடிரைவரின் நுனியால் தொட்டுக் காட்டி, "இது மிக்ஸ்சர் சொலினாய்டு, மூன்று கம்பி போகிறதே அது த்ராட்டில் சென்சார். இந்த இரண்டும் என்னவென்று தெரியாதவர்கள் கைவைத்துத்தான் இந்தக் கார்கள் பாழாகின்றன" என்றார். இவ்வளவு தெளிவாகப் பேசும் ஒருவரைத் தேடித்தான் நான் அலைந்துகொண்டிருந்தேன். என் கார்புரேட்டரின் உடலில், ஓட்டுநர் பக்கம் பின்புறத்தில் பொறித்திருக்கும் எண்ணையே அவர் குறித்துக்கொண்டு, அதே எண்ணுக்குரிய கம்ப்யூட்டர் வகை ரீமேன் (பழையதைப் புதுப்பித்த) கார்புரேட்டரை வரவழைத்துப் போடுவதாகச் சொன்னார். சோதனைக் கட்டணம், கார்புரேட்டர், கூலி, வரி எல்லாம் சேர்த்து 1,480 டாலர். டுவெல் மீட்டரை மட்டும் அவர் மாட்டவில்லை. திறந்து பார்ப்பதைவிட மாற்றுவதே மலிவு என்றார். பழைய கார்புரேட்டரை நான் பார்க்கவேண்டும் என்று வேலையை ஒப்படைக்கும்போதே சொன்னேன், தலையாட்டினார்.

கார் திரும்பி வந்தபோது விளக்கு எரியவில்லை. ஆனால் மேட்டில் ஏறும்போது இழுவை இல்லை, பெட்ரோல் முன்பைவிட வேகமாகக் காலியானது. புது கார்புரேட்டர், சில நூறு மைல் ஓடினால் பழகிவிடும் என்றார்கள். கார்புரேட்டர் பழகுவதாவது!

ஸ்மாக் செக் நிலையத்துப் பரிசோதகர் முதலில் சாவியை மட்டும் திருப்பினார். என்ஜின் ஓடாத அந்த நிலையில் செக் என்ஜின் விளக்கு எரிந்தே ஆகவேண்டும், எரியவில்லை. பிறகு ஏர் கிளீனரைத் தூக்கினார். கார்புரேட்டரில் சொலினாய்டும் இல்லை, த்ராட்டில் சென்சாரும் இல்லை. அவற்றுக்குப் போகவேண்டிய இரண்டு கம்பி இணைப்புகளையும் மடித்து, கறுப்பு டேப் சுற்றி, பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கி ஏர் கிளீனரின் பின்னால் மறைத்துக் கட்டியிருந்தார்கள். தெரியாமல் நடந்த தவறாக இருந்தால் எதற்காக இந்த மறைப்பு? வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டதுபோல் இருந்தது எனக்கு. பாகங்களைக் கண்ணால் பார்க்கும் சோதனையிலேயே கார் தோற்றது. தேறாதவரை பதிவைப் புதுப்பிக்கவும் முடியாது.

உடனே பட்டறைக்குத் தொலைபேசியில் பேசினேன். வேலை செய்த மெக்கானிக் விடுப்பில் இருக்கிறார் என்றது முதல் பதில். உரிமையாளர் திரும்ப அழைப்பார் என்றது அடுத்தது, அழைக்கவில்லை. நேரில் போய் நின்றபோது, எனக்கு ஸ்க்ரூடிரைவரால் தொட்டுக் காட்டிய அதே மனிதர், "சப்ளையர் அனுப்பியதைப் போட்டோம், அவர்களைக் கேளுங்கள்" என்றார். சப்ளையரைக் கேட்டால், பட்டறைதான் தங்கள் வாடிக்கையாளர், நான் அல்ல என்கிறார்கள். பல்பு எங்கே என்று உரிமையாளரிடம் கேட்டதற்கு, பழைய காரில் பல்பு போவது சகஜம் என்றார். 1,480 டாலருக்கு அவர்கள் கொடுத்த ரசீதில் "கார்புரேட்டர், ரீமேன்" என்று மட்டும்தான் இருக்கிறது. எந்த எண்ணும் இல்லை.

பணத்தைவிட எரிச்சலூட்டுவது இன்னொன்று. என் சொந்தக் கார்புரேட்டர், இந்தக் காரோடு தொழிற்சாலையிலிருந்து வந்தது, மாட்டிய பாகத்துக்கு ஈடாகச் சப்ளையருக்குத் திருப்பி அனுப்பப்பட்டுவிட்டதாம். நான் பார்க்கக் கேட்டிருந்ததை எவரும் பொருட்படுத்தவில்லை. அதில் கனத்துப்போன மிதவை மட்டும்தான் கோளாறா, ஒரு மிதவையும் கேஸ்கெட் கிட்டும் போட்டிருந்தால் தீர்ந்திருக்குமா என்று இனி எவரும் சொல்லமுடியாது. அந்த எண்ணுக்குரிய கம்ப்யூட்டர் வகை குவாட்ராஜெட்டை நான் மறுபடி தேடவேண்டும், 1,480 டாலரை ஏற்கெனவே இழந்துவிட்ட நிலையில்.

மாநிலத்தின் வாகனப் பழுதுபார்ப்புத் துறைக்குப் புகார் எழுதிக்கொண்டிருப்பதால் விரிவாகச் சொல்ல நேரமில்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். டுவெல் மீட்டர் மாட்டாமல் கார்புரேட்டரை மாற்றச் சொல்பவரிடம் காரை விடாதீர்கள். கார்புரேட்டர் எண்ணை எஸ்டிமேட்டிலும் ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள். பழைய பாகத்தைக் கேட்பதை வாய்ச்சொல்லாக விடாமல் ஒப்படைப்புச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். அது புதிய பாகத்துக்கு ஈடாகத் திருப்பி அனுப்பவேண்டியதாக இருந்தாலும் கலிபோர்னியாச் சட்டப்படி உங்களுக்குக் காட்டியாகவேண்டும். பணம் கொடுக்கும் முன் ஏர் கிளீனரைத் தூக்கச் சொல்லி, சொலினாய்டு இணைப்பும் த்ராட்டில் சென்சார் இணைப்பும் மாட்டியிருக்கின்றனவா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.