ஆறு குளிர்காலம் உழைத்த பிளாஸ்க்கும் ஒடியல் கூழும்

கனடாவில், டொரொன்டோ நகரின் ஸ்காபரோ பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்புகளைச் சுற்றிப் பனி அள்ளி உப்புத் தூவுகிற வேலையில் இது எனக்கு ஏழாவது குளிர்காலம். புதிதாக இந்த வேலைக்கு வருகிற தம்பிமார் முதலில் கேட்பது ஜாக்கெட்டைப் பற்றித்தான். என்னைக் கேட்டால், சாப்பாட்டுப் பிளாஸ்க்கை முதலில் வாங்கு என்பேன்.

ஆனாலும் உடுப்பைச் சொல்லாமல் விட முடியாது. முதல் வருசம் பருத்தி பெனியன் மூன்றை ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போனேன். அரை மணித்தியாலம் பனி அள்ளும் சவள் பிடித்ததும் வேர்த்து நனைந்தது. வேலையை நிறுத்தி நின்ற உடனே அந்த ஈரமே நடுங்க வைத்தது. அடுத்த வருசம் மெரினோ கம்பளி உள்ளுடுப்பு இரண்டு சோடி வாங்கினேன். விலை கூடத்தான். முழங்கையில் தையல் போட்டு இன்னும் அதையே போடுகிறேன். ட்ரையரில் மட்டும் போடாதீர்கள், சுருங்கிவிடும். சப்பாத்துக்கு உள்ளே கழற்றக்கூடிய மெத்தை இருக்க வேண்டும், ஒவ்வொரு இரவும் அதை வெளியே எடுத்துக் காயவிட வேண்டும். காற்றோடு சேர்த்து மைனஸ் 28-க்குக் கீழே போனால் திறந்திருக்கும் தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். அந்த நாட்களில் ஐந்து விரல் கையுறையை விட, விரல்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் மிட்டன்தான் நல்லது.

சரி, பிளாஸ்க்குக்கு வருகிறேன். முதலில் வாங்கியது ஐஸில் விழுந்து அடியில் நசுங்கியது. பார்க்க ஒன்றும் ஆகாத மாதிரித்தான் இருந்தது. ஆனால் சுடுதண்ணி விட்டதும் வெளிப்பக்கம் கைக்குச் சூடாகத் தெரிந்தது. அப்படித் தெரிந்தால் நடுவில் இருக்கும் வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம், அதற்குப் பிறகு திருத்த முடியாது. இப்போது வைத்திருப்பது 700 மில்லி, வாயகன்றது, எவர்சில்வர். கொதித்த தண்ணி விட்டு மூடிப் பத்து நிமிடம் வைத்து, அதை ஊற்றிவிட்டு, கொதிக்கக் கொதிக்கச் சாப்பாட்டை விளிம்பு வரை நிரப்ப வேண்டும். விடிய நாலு மணிக்கு நிரப்பினால் பத்து மணிக்கும் ஊதித்தான் குடிக்கிறேன். ட்ரக்கில் சும்மா கிடந்தால் சீக்கிரம் ஆறும், அதனால் பழைய ஸ்வெட்டர் ஒன்றால் சுற்றி வைப்பேன்.

எல்லாச் சாப்பாடும் இதற்கு ஒத்துவராது. புட்டு ஆவியில் நனைந்து கட்டிபடும். இடியப்பமும் சொதியும் சேர்த்து வைத்தால் களியாகிவிடும். இத்தனை வருசத்தில் ஒரு நாளும் ஏமாற்றாதது, காயவைத்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ். கெட்டியாக இருப்பதால் ரசத்தை விட மெதுவாகத்தான் ஆறுகிறது.

ஒடியல் மாவை முதல் நாள் தண்ணியில் ஊறவிட்டு, தெளிந்த தண்ணியை இரண்டு தரம் மாற்றுவேன், கசப்புக் குறையும். மரவள்ளி, பலாக்கொட்டை, பயித்தங்காய் மூன்றும் அவிந்ததும் இறாலும் முள்ளில்லாத மீன் துண்டும் போடுவேன். நண்டு ருசிதான், ஆனால் வேலையிடத்தில் நின்று கோது உடைக்க முடியாது. அப்புறம் அரைத்த செத்தல் மிளகாய், புளி, கரைத்த மா, கடைசியில் ஒரு பிடி முருங்கை இலை. சாமான் எல்லாம் இங்கே தமிழ்க் கடைகளில், சிலது உறைந்தபடி கிடைக்கும். ஊரில் பனையோலைப் பிளாவில் குடித்தது. இங்கே பிளாஸ்க் மூடியில் ஊற்றிக் குடிக்கும்போதும் அந்தப் புளிப்பும் உறைப்பும் மூக்கில் ஏறி, காது வரை சூடு பரவுகிறது.

ஒரு குறை இருக்கிறது. மூடியின் ரப்பர் வளையத்தில் மீன் மணம் ஏறிவிடும். அதைக் கழற்றி அப்பச்சோடாத் தண்ணியில் இரவு முழுக்கப் போட்டால் போகிறது, இரண்டு வருசத்துக்கு ஒரு தரம் வளையத்தையே மாற்றுகிறேன். மல்லி, வேர்க்கொம்பு (சுக்கு), மிளகு போட்ட மல்லிக்கோப்பிக்குத் தனியாக ஒரு சுடுதண்ணிப் போத்தல் வைத்திருக்கிறேன். இரண்டையும் ஒன்றில் மாற்றி மாற்றி விட்டால் கோப்பியிலும் மீன்தான் மணக்கும்.

இந்த வருசத்துக்குப் புது வளையம் வாங்கியாயிற்று. அம்மா ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்ட ஒடியல் மா இரண்டு கிலோ குசினி அலுமாரியில் இருக்கிறது. முதல் பனி கொட்டுகிற அன்று பொதியைப் பிரிப்பேன்.