சந்தகை நாழியில் மாட்டுக்கறி நூடுல்ஸ்: மூன்று கால் பித்தளைக் கருவி எப்படி?

பித்தளை உருளை, இரும்பு முக்காலி, மேலே திருகுவதற்கு இரண்டு பக்கமும் நீண்ட கைப்பிடி. சந்தகை பிழியும் இந்த நாழியைத் தருமபுரி கடைவீதியில் ஒரு பாத்திரக் கடையில் 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். எடை நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கூடவே நாலு சில்லுகள், அதாவது துளை போட்ட அச்சுத் தட்டுகள், தந்தார்கள்: நைசு, நடுத்தரம், தடிமன், அப்புறம் ரிப்பன் பக்கோடாவுக்கான பட்டைத் துளை.

நான் ஈரோட்டுப் பக்கம் பிறந்தவள். சந்தகை என்பது வெந்த அரிசி இட்லியைச் சூட்டோடு நூலாகப் பிழிந்து எடுப்பது. அதற்குத் தேங்காய்ப் பால், எள்ளு வெல்லம், எலுமிச்சை, தக்காளி என்றுதான் எங்கள் அம்மா வீட்டில் பழக்கம். இந்த நாழியை வாங்கியதோ மாட்டுக்கறி சூப்புக்காக. எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் மாட்டுக்கறிதான். குழம்பு, சுக்கா, களியோடு எலும்புக் குழம்பு எல்லாம் மாமியார் கைப்பக்குவம், அதில் நான் தலையிடுவதில்லை. ஆனால் கறியையும் மாவையும் சேர்த்து ஒரே கிண்ணத்தில் சாப்பிடும் வகைகள் மேல் எனக்குத் தனி ஆசை. வியட்நாம், கொரியா, திபெத், சீனாவின் மேற்கே வாழும் உய்குர் மக்கள் எல்லோருக்கும் அப்படி ஒரு சாப்பாடு இருக்கிறது. அவற்றை வீட்டிலேயே, இங்கே கிடைக்கிற பொருளை வைத்து, முறை கெடாமல் செய்ய வேண்டும். அதற்கு இந்தக் கருவி எவ்வளவு தூரம் உதவும் என்பதைத்தான் எழுதுகிறேன். அரிசி, கேழ்வரகு என்றால் இதை மிஞ்ச ஆளில்லை. கோதுமை என்றால் இதைப் பரணிலிருந்து இறக்கவே வேண்டாம்.

முதலில் அரிசி. வியட்நாமில் மாட்டுக்கறி சூப் என்றதும் பலருக்கும் ஃபோதான் நினைவுக்கு வரும். அது பட்டை நூடுல்ஸ். மாவை மெல்லிய தாளாக ஆவியில் வேகவைத்து, பிறகு வெட்டுவார்கள். அந்த நாட்டின் நடுப்பகுதியில் இருக்கும் ஹுவே நகரத்தின் சூப் வேறு. பெயர் பூன் போ ஹுவே. அதற்கு உருண்டை நூடுல்ஸ், அச்சில் பிழிந்து எடுப்பது. அரிசி மாவைத் துளை வழியாக அழுத்தி நேராகக் கொதிநீரில் விடுவார்கள். நம் சந்தகையில் மாவு முதலில் இட்லியாக வெந்து, பிறகு பிழிபடுகிறது. வரிசை மாறுகிறதே தவிர, கிண்ணத்துக்கு வருவது கிட்டத்தட்ட ஒன்றுதான். இடியாப்பத்தை இதற்குப் பயன்படுத்திப் பாருங்கள், சூப்பில் போட்ட இரண்டாவது நிமிடம் கரைந்து கூழாகிவிடும். சந்தகை அப்படி இல்லை. முழுதாக வெந்த மாவு அழுத்தத்தில் இறுகி வருவதால் இழை நீளமாக, வழுவழுப்பாக நிற்கிறது.

இட்லி அரிசி அரை கிலோ எடுத்தால் நாலு பேருக்குத் தாராளம். நாலு மணி நேரம் ஊறவைத்து, உளுந்து எதுவும் சேர்க்காமல், உப்பு மட்டும் போட்டு நைசாக, கெட்டியாக அரைக்க வேண்டும். புளிக்கவிடக் கூடாது. இட்லித் தட்டில் ஊற்றி 15 நிமிடம் வேகட்டும். பிழியும்போது இட்லி சூடாகவே இருக்க வேண்டும், இதில் சமரசமே கிடையாது. வெந்த அரிசி மாவு ஆற ஆற இறுகும். இறுகிய மாவை இந்தக் கைப்பிடியால் அசைக்க முடியாது. அதனால் ஒரு தட்டை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதைச் சிறு தீயில் மூடி வைத்திருப்பேன். உருளையில் ஒரு தடவைக்கு ஐந்து இட்லி போகும். நடுத்தரச் சில்லுதான் சூப்புக்குச் சரி. பிழிந்ததைப் பத்து நிமிடம் ஆறவிட்டால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரியும்.

கறிக்கு நான் கேட்பது முன்னங்கால் தசை, நெஞ்செலும்பு, கொஞ்சம் நல்லி. நம் கடைகளில் எல்லாக் கறியையும் ஒன்றாகச் சேர்த்து, சின்னத் துண்டாக வெட்டித் தருவதுதான் வழக்கம். குழம்புக்கு அது போதும், சூப்புக்குப் போதாது. "அண்ணா, முன்னங்கால் முழுசா குடுங்க, வெட்ட வேண்டாம்" என்று காலையில் கூட்டம் சேருமுன் சொல்லிவிட வேண்டும். "சூப்புக்காம்மா? அப்ப எலும்பத் தனியா போட்டுத் தரேன்" என்று எங்கள் கடைக்காரர் இப்போது அவரே எடுத்து வைக்கிறார்.

நம் ஊர்க் கறிக்கு வேகும் நேரம் அதிகம் தேவை. தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, 10 வயதைத் தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாட்டைத்தான் சான்றிதழ் பெற்று அறுக்கலாம். மீளாதபடி ஊனமானதற்கும் சான்றிதழ் உண்டு. ஆக, கடைக்கு வருவது பெரும்பாலும் உழைத்து முடித்த உடம்பு. வெளிநாட்டுக் குறிப்பில் ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருந்தால் அதை நம்பாதீர்கள். உழைத்த காலில்தான் கொலாஜன் என்கிற நார்ப் புரதம் நிறைய இருக்கும். அது மெல்லிய சூட்டில் நேரமெடுத்து ஜெலட்டினாக மாறும்போதுதான் சூப்புக்கு உதட்டில் ஒட்டுகிற கனம் வருகிறது.  இந்த ஒரு காரணத்துக்காகவே நம் மாட்டுக்கறி சூப்புக்குப் பிறந்தது என்பேன்.

ஒரு கிலோ எலும்பை முதலில் தனியாகக் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். எலும்பைக் கழுவி, நாலு லிட்டர் புதுத் தண்ணீர் ஊற்றி, அரை கிலோ தசையையும் போட்டுச் சிறு தீயில் மூன்று மணி நேரம். தளதளவென்று கொதிக்கவிட்டால் கலங்கிவிடும். கறி வெந்ததும் எடுத்து ஆறவைத்து மெல்லிசாக நறுக்கலாம். அவசரமென்றால் குக்கரில் ஒரு விசில் வந்த பிறகு சிறு தீயில் 40 நிமிடம். கறி நன்றாக வரும், சூப் தெளிவாக இருக்காது, அவ்வளவுதான்.

ஹுவே சூப்பின் உயிர் எலுமிச்சைப்புல்லும் இறால் விழுதும். எலுமிச்சைப்புல் எங்கள் மாடியில் தொட்டியில் வளர்கிறது, தண்டை நசுக்கிப் போட வேண்டும். அந்த இறால் விழுது இங்கே கிடைப்பதில்லை. சந்தையில் வாங்கிய சென்னாக்குன்னியை, அதாவது காய்ந்த பொடி இறாலை, வறுத்துப் பொடித்து, வெந்நீரில் கரைத்து வடிகட்டி ஊற்றுகிறேன். அதே ருசி என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த இடத்தை நிரப்புகிறது. ஹுவேயில் பன்றிக் காலும் சேர்ப்பார்கள். நான் மாட்டுக்கறி மட்டும். ஃபோ செய்ய வேண்டுமென்றால் இன்னும் சுலபம். தீயில் சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம், அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு. பிரியாணி செய்கிற எந்த வீட்டிலும் இவை இருக்கும். அதற்குப் பட்டைத் துளைச் சில்லை முயலலாம் என்று ஆசையாக இருந்தது. பட்டையாக வருகிறது, ஆனால் ஓரம் பிய்ந்து வருகிறது. ஃபோவுக்கு உருண்டை இழையே இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது கேழ்வரகு. இதற்காகவே தருமபுரிக்காரர்கள் இந்த நாழியை வாங்க வேண்டும். நம் மண்ணின் தானியம், 2023 மே மாதத்திலிருந்து நம் மாவட்ட ரேஷன் கடைகளிலும் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கொடுக்க ஆரம்பித்தார்கள். களிக்கும் கூழுக்கும் போக மீதியை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு இதோ ஒரு வழி.

கோதுமை மாவுக்கு இழுவை தருகிற குளூட்டன் என்கிற புரதம் கேழ்வரகில் கிடையாது. வெறும் மாவைப் பிசைந்து பிழிந்தால் இழை விரல் நீளத்தில் அறுந்துவிடும். கொரியாவின் நெங்மியோன் இதற்கு விடை சொல்கிறது. மாட்டுக்கறி சூப்பை ஐஸ் போலக் குளிரவைத்து அதில் போடும் நூடுல்ஸ் அது. பியோங்யாங் நகரத்து வகை மிகப் பெயர் பெற்றது. பாப்பரை என்கிற பக்வீட் மாவுதான் அதன் அடிப்படை, அதிலும் குளூட்டன் இல்லை. அதனால் கிழங்கு ஸ்டார்ச்சைக் கலந்து, அச்சில் அழுத்தி, கொதிநீரில் நேராக விழ வைக்கிறார்கள். நமக்கு ஸ்டார்ச்சுக்கா பஞ்சம்? பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சேலம் வரை மரவள்ளி விளைகிற பூமி இது. ஜவ்வரிசியை மிக்சியில் பொடித்துச் சலித்து, நாலு பங்கு கேழ்வரகு மாவுக்கு ஒரு பங்கு சேர்த்து, கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கிளறிப் பிசைந்து, கொழுக்கட்டையாகப் பிடித்து 15 நிமிடம் ஆவியில் வேகவைத்து, சூட்டோடு நாழியில் போடுங்கள். கரும்பழுப்பில், பளபளப்பாக, முழம் நீளத்துக்கு இழை வரும். முதல் சுற்று வந்தபோது மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, களிய இப்பிடிக்கூட நூல் விடலாமா?" என்றார். "சாப்ட்டுப் பாருங்க அத்தை" என்று அவர் செய்த எலும்புக் குழம்பையே மேலே ஊற்றிக் கொடுத்தேன். இப்போது எங்கள் வீட்டில் களிக்கும் இதற்கும் போட்டி.

குளிர்ந்த சூப்பில் இதைச் சாப்பிட வேண்டுமென்றால் சூப்பை இரவே ஃபிரிட்ஜில் வைத்து, மேலே கட்டிய கொழுப்பை முழுதாக எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் வினிகர், கடுகு விழுது, வெள்ளரிக்காய், அவித்த முட்டையில் பாதி. ஏப்ரல், மே வெயிலில் தருமபுரியில் இதைவிட இதமான மதியச் சாப்பாடு எனக்குத் தெரியவில்லை.

கோதுமைக்கு வருவோம். உய்குர் மக்களின் லக்மன் நூடுல்ஸ், சீனாவின் லான்சோ நகரத்து மாட்டுக்கறி நூடுல்ஸ் இரண்டும் கையால் இழுப்பவை. பிசைந்து ஊறவைத்த கோதுமை மாவில் குளூட்டன் வலைபோலப் பின்னிக்கொள்வதால்தான் அந்த இழுவை வருகிறது. அதை நாழியில் திணித்தால் மாவு எதிர்த்துத் தள்ளும், முக்காலி ஆடும், திருகுமரைக்குத்தான் கேடு. மாவைத் தளர்த்தினால் சுலபமாகப் பிழியலாம், ஆனால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். கோதுமைக்குக் கையே போதும். எளிதாக ஆரம்பிக்க திபெத்தியர்களின் தென்துக் என்கிற நூடுல்ஸ் சூப். காவிரிக்கு அக்கரையில், கர்நாடகாவின் கொள்ளேகால் பக்கத்து ஒடையார்பாளையத்தில் திபெத்தியர் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. அங்கேதான் நான் முதலில் சாப்பிட்டேன். சப்பாத்தி மாவை நீளப் பட்டையாக இழுத்து, கட்டைவிரல் அகலத்துக்குப் பிய்த்துப் பிய்த்துக் கொதிக்கிற கறிச் சூப்பில் நேராகப் போடுவது. முள்ளங்கி, கீரை, பூண்டு, வேறொன்றும் வேண்டாம். தமிழ் முஸ்லிம் வீடுகளில் அரிசி மாவு உருண்டைகளைக் கறிக் குழம்பிலேயே வேகவைக்கும் தக்கடியும் இந்தக் குடும்பம்தான். இதற்கெல்லாம் ஒரு கருவியும் வேண்டாம்.

கருவியின் குறைகள். முக்காலியின் கால்கள் டைல்ஸ் தரையில் வழுக்கும். ஈரச் சாக்கைக் கீழே போட்டால் நிற்கும். ஒருவர் பிடிக்க, ஒருவர் திருக வேண்டும், தனியாகச் செய்வது சிரமம். எனக்கு வந்த சில்லுகளில் தடிமன் சில்லு உருளையில் தளர்வாக உட்கார்கிறது, ஓரத்தில் மாவு பிதுங்குகிறது. கடையில் சொன்னேன், மாற்றித் தருகிறேன் என்றார்கள், இன்னும் தரவில்லை. இரும்புத் திருகு துரு பிடிக்கும், கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வைக்க வேண்டும். பித்தளை உருளையைப் புளி போட்டுத் தேய்த்து உடனே கழுவிவிடுங்கள், மாவை உள்ளே காயவிடாதீர்கள்.

அலுமினிய உருளை வைத்தது பாதி விலைக்குக் கிடைக்கிறது. அதில் மரை சீக்கிரம் தேயும், கேழ்வரகுக்குத் தேவைப்படும் அழுத்தத்தைத் தாங்காது. கை முறுக்கு அச்சு இருந்தாலே போதாதா என்று கேட்பவர்களுக்கு: இரண்டு பேருக்கு என்றால் போதும், நாலு பேருக்குப் பிழிந்து முடிக்குமுன் இட்லி ஆறிவிடும். கைப்பிடி சுற்றும் பாஸ்தா மெஷின் கோதுமைக்கு அருமை, அரிசிக்கும் கேழ்வரகுக்கும் பிரயோசனமில்லை.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே திருகை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை முழுதாக ஓட்டிப் பாருங்கள், நடுவில் எங்கும் பிடிக்கக் கூடாது. எல்லாச் சில்லுகளையும் ஒவ்வொன்றாக மாட்டி, விரலால் அசைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பணம் கொடுங்கள்.