ஒட்டா, பிளேக்கா, வெல்ட்டா? சோல் தேய்ந்த பிறகு பேசுவோம்

என்னிடம் ஒரு கறுப்பு ஷூ இருந்தது. நல்ல நாள் பெரிய நாளுக்கு மட்டும் போட்டுக்கொள்வதற்காக, மெல்லிய தாளில் சுற்றிப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தேன். ஐந்து வருடத்தில் பத்து தடவை போட்டிருந்தால் அதிகம். ஒரு விசேஷத்துக்கு அதை மாட்டிக்கொண்டு போய் இறங்கினேன். நாலு எட்டு வைத்ததும் காலடியில் ஏதோ உதிர்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் தரையில் கறுப்புத் துகள்கள். ஈரம் ஏறிய பழைய சுவர் பொரிந்து விழுவதுபோல குதிகால் பக்கத்து சோல் தானாகப் பொடிந்துகொண்டிருந்தது. மேல்தோலில் ஒரு சுருக்கம்கூடக் கிடையாது. நான் எங்கே நின்றேன், எங்கே உட்கார்ந்தேன் என்று அன்றைக்கு யார் வேண்டுமானாலும் தடம் பிடித்துச் சொல்லியிருக்கலாம்.

அதற்கப்புறம்தான் ஷூவைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து வாங்கும் பழக்கம் வந்தது. சோலை மேல்தோலோடு சேர்க்கும் வழிகளில் இங்கே பேசப்போவது மூன்று: பசையால் ஒட்டுவது, பிளேக் தையல், குட்இயர் வெல்ட். கயிறில்லாமல் காலை நுழைத்துக்கொள்ளும் ஒரு பழுப்பு லோஃபர் வாங்கினேன், பிளேக் தையல். பிறகு கயிறு கட்டும் ஒரு கறுப்பு ஆக்ஸ்ஃபோர்டு, குட்இயர் வெல்ட். இரண்டையும் ஆறு வருடமாகப் போட்டு வருகிறேன். இதில் நான் வெல்ட் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தோற்றம், விலை இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒட்டு ஷூ மலிவு, பிளேக் அதற்கு மேலே, வெல்ட் பெரும்பாலும் அதற்கும் மேலே. மேலிருந்து பார்த்தால் மூன்றுமே அழகாக இருக்க முடியும். பிளேக்கில் சோலின் ஓரத்தை மேல்தோலை ஒட்டினாற்போலச் சீவிவிடலாம் என்பதால் ஷூ ஒல்லியாக, நறுக்கென்று தெரியும். வெல்ட்டில் ஓரம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். யாருக்கு எது பிடிக்கும் என்பது அவரவர் கண்.

இனி ஒட்டு ஷூ. மேல்தோலை அச்சுக்கட்டையில் இழுத்து மடித்து, அடியில் பசை தடவி, சோலை வைத்து அழுத்திவிடுவார்கள். அவ்வளவுதான். இன்று விற்கும் ஷூக்களில் பெரும்பாலானவை இந்த வகை. லேசாக இருக்கும், முதல் நாளே காலுக்கு இதமாக வளையும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. என் ஷூ பொடிந்ததற்குப் பசை காரணமும் இல்லை. அந்த சோல் பாலியூரிதேன். காற்றில் இருக்கும் ஈரம் அந்தப் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலியை மெல்ல மெல்ல அறுத்துவிடும். போட்டாலும் நடக்கும், போடாமல் பெட்டியில் மூடி வைத்தாலும் நடக்கும். நான் பத்திரப்படுத்தியது எதையும் காப்பாற்றவில்லை. ரப்பர் சோலிலும், இவிஏ எனப்படும் லேசான நுரை சோலிலும் இப்படிப் பொடிவது கிடையாது.

சிக்கல் அடுத்த கட்டத்தில். அந்த சோல் அச்சில் வார்த்த ஒரே துண்டு. ஓரத்தில் சின்னச் சுவர் மாதிரி எழும்பி மேல்தோலைக் கவ்வியிருக்கும். அதே வடிவத்தில் இன்னொன்று வெளியே கிடைக்காது. தட்டையான தோல் சோலை ஒட்டிய ஷூவாக இருந்தால் பழையதைப் பிய்த்துப் புதியதை ஒட்டித் தருவார்கள், அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். என்னுடையதற்கு அந்த வழியும் இல்லை. மேல்தோல் புதுசு, சோல் தூள். குப்பைக்குத்தான் போயிற்று.

பிளேக்குக்கு வருவோம். லைமன் பிளேக் என்ற அமெரிக்கர் 1858இல் இந்த மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். சோலை மேல்தோலோடு மெஷினில் தைக்கும் வித்தை அதிலிருந்துதான் சூடு பிடித்தது. கோர்டன் மெக்கே அந்தக் காப்புரிமையை வாங்கிப் பரவலாக்கியதால் மெக்கே தையல் என்றும் ஒரு பெயர் உண்டு. வேலை நேரடியானது: இன்சோல் என்கிற உள்ளடி, மேல்தோலின் மடிப்பு, வெளி சோல் மூன்றையும் ஒரே தையலில் ஊடுருவிப் பிடிப்பது. ஷூவுக்குள் கையை விட்டு இன்சோலைத் தடவினால் ஓரமாக ஒரு தையல் வரிசை விரலில் தட்டுப்படும். என் லோஃபரில் அதன் மேல் மெல்லிய தோல் ஒட்டியிருந்தார்கள். ஒரு வருடத்தில் அது சுருண்டு வந்தபிறகு நூலைக் கண்ணாலேயே பார்த்தேன்.

அந்த லோஃபர் அருமையான ஷூ. செருப்பு மாதிரி வளையும், பாரமே தெரியாது. ஆனால் தையல் நேராக உள்ளே போவதால், சோல் தேயத் தேய ஈரமும் நூல் வழியே உள்ளே வரும். ஒரே ஒரு தடவை நனைந்த தரையில் அரை மணி நேரம் நடந்ததில் சாக்ஸ் நனைந்துவிட்டது. இதை வைத்துப் பிளேக் எல்லாமே இப்படித்தான் என்று தீர்ப்பு சொல்ல மாட்டேன். என் அனுபவம் ஒரு ஜோடி, மெல்லிய தோல் சோல். அடியில் ரப்பர் ஒட்டியவர்களின் கதை வேறாக இருக்கலாம்.

அப்புறம் வெல்ட். குட்இயர் என்றதும் டயர் நினைவுக்கு வரும். ரப்பரைப் பதப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்த சார்லஸ் குட்இயரின் மகன், அதே பெயர் கொண்டவர், 1870களில் இந்த மெஷினை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். டயர் கம்பெனி 1898இல் வேறு ஆட்கள் தொடங்கியது. அப்பாவின் நினைவாகப் பெயர் வைத்தார்கள், குடும்பத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வெல்ட் என்பது ஷூவின் விளிம்பைச் சுற்றி ஓடும் ஒரு தோல் பட்டை. இங்கே தையல் இரண்டு. முதல் தையல் மேல்தோலையும் வெல்ட்டையும் இன்சோலின் அடியில் இருக்கும் ஒரு வரப்போடு சேர்த்துக் கட்டும். இது வெளியே தெரியாது. இரண்டாம் தையல் வெல்ட்டையும் வெளி சோலையும் சேர்க்கும். ஷூவின் விளிம்பில் மேலிருந்து பார்த்தால் தெரிவது இதுதான். நடுவில் உண்டாகும் பள்ளத்தைத் தக்கைக் கலவையால் நிரப்புவார்கள். சில வாரம் போட்டபின் அந்தத் தக்கை அமுங்கி உங்கள் பாதத்தின் அச்சை வாங்கிக்கொள்ளும். அதுவரை? நரகம். முதல் இரண்டு வாரம் பலகையைக் காலில் கட்டிக்கொண்டு நடந்த மாதிரி இருந்தது. குதிகால் தோல் உரிந்து பிளாஸ்திரி போட்டுக்கொண்டேன்.

வெல்ட் உறுதியானது, நீர் புகாதது என்றெல்லாம் விற்பவர்கள் சொல்வார்கள். நான் வெல்ட் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் உறுதி இல்லை. சோல் தேய்ந்தால் அதை மாற்ற யாரால் முடியும் என்ற ஒரே கேள்விதான்.

பிளேக் தையலை மறுபடி போட வேண்டுமானால் பிளேக் மெஷின் வேண்டும். ஷூவின் வாய் வழியே உள்ளே நுழைந்து முனை வரை எட்டும் கொம்பு மாதிரி ஒரு கை அந்த மெஷினுக்கு இருக்கும். அது இல்லாமல் உள்ளிருக்கும் தையலைத் தொட முடியாது. மெஷின் இல்லாதவரிடம் கொடுத்தால் புது சோலை ஒட்டித் தருவார், அல்லது ஓரத்தில் ஆணி அடித்துத் தருவார். தைத்த ஷூவைக் காசு கொடுத்து வாங்கி, முதல் பழுதிலேயே அதை ஒட்டு ஷூவாக்கிக்கொண்ட கதை ஆகிவிடும். இன்னொன்று, ஒவ்வொரு தடவை தைக்கும்போதும் ஊசி இன்சோலையும் மேல்தோல் மடிப்பையும் புதிதாகக் குத்தும். பழைய துளைக்கும் புதுத் துளைக்கும் நடுவே தோல் கிழியத் தொடங்கும். அதனால் இத்தனை தடவைதான் என்று ஓர் எல்லை உண்டு.

வெல்ட்டில் பிரிக்க வேண்டியது அந்த இரண்டாம் தையலை மட்டும். அது ஷூவுக்கு வெளியே, வெட்டவெளியில் இருக்கிறது. மேல்தோலை ஊசி தொடவே தொடாது. மெஷின் இருந்தால் மறுபடி தைப்பது சில நிமிட வேலை. இல்லையா, ஒரு குத்தூசியும் மெழுகு பூசிய நூலும் பொறுமையும் இருக்கிற யாரும் கையாலேயே தைத்துவிடலாம். என் ஆக்ஸ்ஃபோர்டுக்கு இரண்டு தடவை சோல் மாற்றியாயிற்று. முதல் தடவை மெஷின் தையல். இரண்டாம் தடவை ஒரு பெரியவர் கையாலேயே தைத்துத் தந்தார். பழைய சோலைப் பிய்த்து, கறுத்துப் போயிருந்த தக்கையைச் சுரண்டி எடுத்து, புதியதை நிரப்பி, வெல்ட்டில் ஏற்கெனவே இருந்த துளைகளிலேயே ஊசியை விட்டு வாங்கினார். கிட்டே உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பக்கமிருந்தும் நூல் ஒரே துளைக்குள் போய், இறுக்கும்போது ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம். இந்தத் தையல் மெஷின் தையலைவிடக் கொஞ்சம் கோணல். கிட்டே குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

திட்டு வாங்கியதும் அவரிடம்தான். சோல் தேய்கிறது என்று தெரிந்தும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டிருந்தேன். முனைப் பக்கம் சோல் முழுக்கத் தேய்ந்து வெல்ட்டையே தரை உரசத் தொடங்கியிருந்தது.

“என்ன தம்பி, வெல்ட்டையும் சேத்துத் தேய்ச்சிட்டு வந்திருக்கீங்க?”

“கொஞ்சம்தான் அண்ணே...”

“கொஞ்சம்தான். இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா மேல்தோலயும் தின்னிருக்கும். அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனமில்ல.”

முனையில் மட்டும் வெல்ட்டை வெட்டி ஒட்டுப் போட்டுத் தந்தார். சோலைப் பழுதுக்குக் கொடுக்கும் நேரம் எது என்பதற்கு அவர் காட்டிய சோதனை எளிது: கால்விரல்களுக்குச் சற்றுப் பின்னால் பாதம் புடைத்திருக்கும் பகுதி படும் இடத்தில், சோலின் நடுவே கட்டைவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று உள்ளே போனால் நேரம் வந்துவிட்டது. ஹீலின் கடைசி ரப்பர் அடுக்கை அதற்கும் முன்பே மாற்றிவிட வேண்டும். அது தேய்ந்து மேலே உள்ள தோல் அடுக்குக்கு ஏறினால் செலவு கூடும். புது ஷூவாக இருக்கும்போதே முனையில் ஒரு சிறு உலோகத் தகடு பதித்துக்கொண்டால் இந்தத் தலைவலியில் பாதி இல்லை.

வெல்ட் என்று சொல்லி விற்பதெல்லாம் வெல்ட் ஆகாது. ஒட்டு ஷூவின் ஓரத்தில் தையல் போட்ட ரப்பர் பட்டையைச் சும்மா அழகுக்கு ஒட்டியிருப்பார்கள். மேலே தையல், கீழே சோலில் ஒன்றுமில்லை என்றால் சந்தேகப்படுங்கள். சந்தேகம் மட்டும்தான். நல்ல ஷூக்களில் சோலில் ஒரு கீறல் போட்டு, தையலை அதற்குள் புதைத்து மூடிவிடுவதும் உண்டு. நான் பார்ப்பது இரண்டு: ஷூவுக்குள் விரல் விட்டால் இன்சோல் ஓரத்தில் தையல் தட்டுப்படக் கூடாது, வெல்ட்டுக்கும் சோலுக்கும் நடுவே உள்ள கோட்டில் இரண்டும் தனித்தனி அடுக்காகத் தெரிய வேண்டும். அதற்கு மேல் விற்பவரிடம் நேராகக் கேட்டுவிடுவதுதான்.

என் கட்சியிலேயே உள்ள ஓட்டையையும் சொல்ல வேண்டும். மெஷினில் செய்யும் குட்இயர் வெல்ட்டில் இன்சோலின் அடியில் இருக்கும் அந்த வரப்பு, பெரும்பாலும் பசையால் ஒட்டிய துணிப் பட்டை. அது பிய்ந்தால் பழுது பார்ப்பது பெரிய வேலை. அதனால்தான், இன்சோல் தோலிலேயே வரப்பைச் செதுக்கிக் கையால் வெல்ட் தைப்பதே உசத்தி என்று ஒரு கூட்டம் சொல்கிறது. அவர்கள் வாதம் சரியென்றே படுகிறது. ஆனால் கையால் வெல்ட் தைத்த ஜோடி எதையும் நான் போட்டு நடந்ததில்லை. என் ஷூவில் அந்தப் பட்டை ஆறு வருடமாக நிற்கிறது, அவ்வளவுதான் என் சாட்சியம்.

மேல்தோல் மோசமானால் வெல்ட் இருந்தும் பயனில்லை. மேற்பரப்பைத் தேய்த்து மேலே பிளாஸ்டிக் பூச்சு பூசிய தோல், கடையில் கண்ணாடியாகப் பளபளக்கும். மடிப்பு விழும் இடத்தில் அது வெடித்துவிட்டால், அதற்கு மூன்று தடவை சோல் மாற்றி என்ன லாபம்? சோலின் தையலுக்குச் செலவழிக்கிற அதே அக்கறையைத் தோலுக்கும் செலவழியுங்கள். பராமரிப்பில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஜோடியை அடுத்தடுத்த நாள் போடாதீர்கள், வியர்வை காய ஒரு நாள் விடுங்கள். கழற்றியதும் ஷூ வடிவ மரக்கட்டையை உள்ளே போடுங்கள். மாதம் ஒரு தடவை பிரஷும் கிரீமும்.

அப்படியானால் யாருக்கு எது? வருடத்துக்கு நாலு தடவை மட்டும் ஷூ போடுகிறவருக்கு வெல்ட் வீண் செலவு. அந்தத் தக்கை அமுங்குவதற்கே வருடங்கள் ஆகும். ரப்பர் சோல் ஒட்டிய ஒரு நல்ல ஜோடி போதும், பாலியூரிதேன் மட்டும் வேண்டாம். வெயில் காலத்துக்கு, சாக்ஸ் இல்லாமல் போடும் லோஃபருக்கு, பிளேக்கை மிஞ்ச ஒன்றுமில்லை என்று இப்போதும் சொல்வேன். வாரத்தில் மூன்று நாள், நாலு நாள் தோல் ஷூ போட்டே ஆக வேண்டியவராக இருந்தால் ஒரு வெல்ட் ஜோடி வாங்குங்கள். வாங்கும் முன்னாலேயே சோல் மாற்றித் தருபவர் ஒருவரையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுத உட்காரும் முன் லோஃபரைத் திருப்பிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். மெத்தென்று போகிறது. பெரியவரிடம் கேட்டதற்கு, “ஒட்டித் தரேன், தைக்கிற மெஷின் என்கிட்ட இல்ல தம்பி” என்றார். பிளேக் மெஷின் வைத்திருக்கும் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.