மூன்று வருஷக் கூட்டுக்குடித்தனம்

நாமே கட்டிக்கொள்ளும் ரோபோ பொம்மை கிட்டின் ஐந்து பெட்டிகளும் வந்து சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. கையோடு எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். கட்டி முடித்த ராத்திரி எந்த மாடலும் அழகாகத்தான் தெரியும். தூசி படிந்து, ஒரு கோடையும் ஒரு மழையும் பார்த்து, நாலு பேர் எடுத்து விளையாடின பிறகுதான் அதன் சுபாவம் புரியும்.

ஐந்து இயந்திர மிருகங்கள் சேர்ந்து ஒரு பெரிய ரோபோ ஆகும் கிட் இது. இந்த வடிவத்துக்குப் பிறந்த வீடு ஜப்பான். 1992-இல் அங்கே ஒளிபரப்பான ‘கியோரியு சென்டாய் ஜியுரேஞ்சர்’ தொடரில் வந்த ‘தாய்ஜியுஜின்’தான் மூலம். அதன் காட்சிகளை எடுத்து 1993-இல் அமெரிக்காவில் ‘மைட்டி மார்ஃபின் பவர் ரேஞ்சர்ஸ்’ செய்தார்கள். அங்கே இதே ரோபோவுக்கு மெகாஸோர்ட் என்று பெயர். மூலப் பொம்மையைச் செய்தது பண்டாய் என்ற ஜப்பானியப் பொம்மைக் கம்பெனி. என்னிடம் இருப்பது அவர்கள் தயாரிப்பு இல்லை. அந்த அமைப்பைத் தழுவி ஒரு சிறிய கம்பெனி போட்ட பிளாஸ்டிக் கிட். குறையும் சொல்லப்போவதால் கம்பெனி பெயர் வேண்டாமே.

என் அக்கா மகள் முதல் நாளே கேட்டாள்: “மாமா, யானை எப்போ டைனோசர் ஆச்சு?” நியாயமான கேள்வி. டைரனோசரஸ், ட்ரைசெராடாப்ஸ் இரண்டுதான் அசல் டைனோசர். மாமூத் யானையும் வாள்பல் புலியும் பாலூட்டிகள். டெரனோடான் பறக்கும் ஊர்வன, டைனோசருக்கு ஒன்றுவிட்ட உறவு. ஐந்தில் இரண்டு தேறியதற்கே ‘டைனோசர் செட்’ என்று பெட்டியில் போட்டுவிட்டார்கள்.

பாகங்கள் முன்னூறுக்கு மேல். பசை தேவையில்லை, அழுத்தினால் பொருந்தும் ரகம். ஐந்து ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. பாகங்கள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டியே வரும். நிப்பர் என்ற வெட்டும் குறடால் ஒரே வெட்டில் பாகத்தை ஒட்ட அறுத்தால், அடர் நிறப் பிளாஸ்டிக் அந்த இடத்தில் வெளுத்துப்போகும். முதலில் தள்ளி ஒரு வெட்டு, பிறகு ஒட்டி ஒரு வெட்டு. கறுப்பு மாமூத்தில் இந்தப் பாடத்தைக் கற்றேன். தழும்பு இன்னும் இருக்கிறது.

சேரும் விதம்தான் இந்த கிட்டின் உயிர். டைரனோசரஸ் உடலும் தொடையும் ஆகிறது. மாமூத் இரண்டாகப் பிளந்து கைகள். அதன் தலை கேடயம். ட்ரைசெராடாப்ஸ் ஒரு கால், புலி ஒரு கால். டெரனோடான் மார்பில் கவசமாக உட்காரும். எந்தப் பாகத்தையும் கழற்றி ஓரமாக வைக்க வேண்டியதில்லை என்பதுதான் என்னை வாங்கவைத்தது. பல கிட்டுகளில் மிருகத்துக்கு ஒரு கால், ரோபோவுக்கு வேறொரு கால் என்று மாற்றுப் பாகம் கொடுத்துச் சமாளிப்பார்கள். பார்வைக்கு அது நன்றாகவே இருக்கும், ஆனால் மீதிப் பாகங்களை டப்பாவில் போட்டு, ஒரு வருஷம் கழித்து டப்பாவையே தேடிக்கொண்டிருப்போம்.

ஆனால் கூட்டுக்குடும்பம் என்றால் யாராவது ஒருவர் தலையில்தான் சுமை விழும். இங்கே அது டைரனோசரஸ். மேல் பாரம் முழுவதும் அதன் இடுப்பு மூட்டில் இறங்குகிறது. எட்டு மாதத்தில் ரோபோ காலை அகட்ட ஆரம்பித்தது. ராத்திரி நிமிர்த்தி வைத்துவிட்டுப் படுத்தால் காலையில் கபடி ஆடத் தயாராக நிற்கும். இணைப்பு முளைகளும் அப்படித்தான். ஒவ்வொரு முறை சேர்த்துப் பிரிக்கும்போதும் பிளாஸ்டிக் கொஞ்சம் தேய்கிறது. முப்பது நாற்பது தடவைக்குப் பிறகு மாமூத் கை தானாகக் கழன்று விழுந்தது.

வைத்தியம் எளிது. மூட்டுக் குமிழைக் கழற்றி, சூப்பர் குளூவை மெல்லிய பூச்சாகத் தடவி, முழுக்கக் காயவிட்டு மாட்டினேன். காயுமுன் மாட்டினால் மூட்டு ஆயுளுக்கும் அசையாது. கண்ணாடி போன்ற பாகம் பக்கத்தில் இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள், பசையின் ஆவி பட்டு வெள்ளையாகப் பூத்துவிடும். மூட்டு இன்று வரை கெட்டியாக நிற்கிறது.

அடுத்த தவறு முழுக்க என்னுடையது. பளபளப்பை மங்கவைக்கும் மேட் ஸ்பிரே அடித்தால் பொம்மைப் பளபளப்பு போய் இயந்திரக் களை வரும் என்று, நவம்பர் மழையில், சென்னை வீட்டு மாடியில் நின்று அடித்தேன். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரம் பூச்சுக்குள் படிந்துவிடுகிறது. மஞ்சள் புலி திருநீறு பூசிக்கொண்டது போல ஆனது. பிப்ரவரியில் ஒரு காய்ந்த பகலில் மெல்லியதாக இன்னொரு பூச்சு கொடுத்ததும் பெரும்பகுதி தெளிந்தது. பாகங்களில் இருக்கும் பள்ளக் கோடுகளை எனாமல் மையால் நிரப்புவதிலும் கவனம் வேண்டும். இறுக்கமாகப் பொருத்திய ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் எனாமல் தின்னர் இறங்கினால் விரிசல் விடும். நான் மார்க்கர் பேனாவோடு நிறுத்திக்கொண்டேன்.

ஸ்டிக்கர் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் கோடையிலேயே ஓரம் தூக்கிக்கொண்டது. எல்லாவற்றையும் உரித்துப் பெயின்ட் அடித்துவிட்டேன்.

காசு விஷயம். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. 2021 முதல் பொம்மைகளுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தரச் சான்றும் கட்டாயம். வெளிநாட்டுக் கடையில் ‘மலிவு’ என்று பார்த்துத் தட்டிவிட்டு, கூரியர்காரர் நீட்டும் சீட்டைப் பார்த்து முழிக்காதீர்கள். கணக்குப் போட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

சேர்த்து நிறுத்தி அலமாரியில் கம்பீரம் காட்டுவதற்கு மட்டும் என்றால் இந்த ரகம் வேண்டாம். பணம் கூடப் போனாலும் உலோகம் கலந்த, கட்டிமுடித்தே வரும் பண்டாயின் ‘சோல் ஆஃப் சோகோகின்’ வகையைப் பாருங்கள். குழந்தைக்கும் இது ஆகாது, கொம்பு உடையும். ஆனால் தனித்தனி மிருகமாக வைத்துக்கொள்பவருக்கு இது பொக்கிஷம். வாங்கிய புதிதில் வாரம் இருமுறை சேர்த்தேன். இப்போது அக்கா மகள் லீவுக்கு வரும்போது மட்டும். மற்ற நாளில் ஐந்தும் தனிக்குடித்தனம். ட்ரைசெராடாப்ஸ் என் மேஜையில், மானிட்டருக்குக் கீழே. தலையை இறக்கிக் கொம்பை முன்னால் நீட்டி நிற்கும்போது அது யாருக்கோ கால் என்பதே மறந்துபோகிறது. போன வாரம் அவள் வந்து ரோபோவைச் சேர்த்துவிட்டு, “மாமா, ஒரு காலைக் காணோம்” என்று வீடு முழுக்கத் தேடினாள். நான் வாயே திறக்கவில்லை.