தலையை அளந்தவர்கள் கழுத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை

எங்கள் மகளுக்கு மூன்று மாதம் முடிந்திருந்த நேரம். அவளை மடியில் கிடத்தி உச்சந்தலைக்கு மேலிருந்து பார்த்தபோது, பின்தலையின் வலப்பக்கம் தட்டையாகியிருப்பதும், வலக்காது இடக்காதைவிட ஒரு விரலளவு முன்னால் தள்ளியிருப்பதும் தெரிந்தன. அந்தப் பதற்றத்தில் இரண்டு இடங்களில் ஏமாந்தோம். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். இரண்டு மாதங்கள் வீணானதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

முதலாவது, தலையைச் சீராக்கும் என்று விளம்பரம் செய்து இணையத்தில் விற்கப்படும், நடுவில் குழி வைத்த சிறு தலையணை. மருத்துவர்கள் பரிந்துரைப்பது என்று அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். எந்த மருத்துவர் என்று நாங்கள் கேட்கவில்லை. ஓர் இரவு விழித்துப் பார்த்தபோது குழந்தை கீழே சறுக்கி, தலையணையின் விளிம்பு அவள் மூக்கை ஒட்டியிருந்தது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இத்தகைய தலையணைகள் மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடும், இவற்றுக்கு அனுமதி எதுவும் அளிக்கப்படவில்லை என்று 2022-லேயே எச்சரித்திருந்ததைப் பிறகுதான் படித்தேன். விற்றவரோ, பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது என்று ஒரே வரியில் பதில் அனுப்பினார்.

இரண்டாவது, குழந்தைகளின் தலையை அளந்து, தலையின் கோணலைச் சீராக்க மாட்டும் ஹெல்மெட்டைச் செய்து தரும் ஒரு நிலையம். கேமராவால் தலையைச் சுற்றிப் படமெடுத்து, திரையில் தட்டையான பகுதியைச் சிவப்பாகக் காட்டி, உச்சிக்குழி மூடப்போகிறது, மூளை வளர இடமிருக்காது, இந்த வாரமே முன்பணம் கட்டிவிடுங்கள் என்றார்கள். முன் உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்பது மாதத்துக்குப் பிறகே, பல குழந்தைகளுக்கு ஒன்றரை வயதையொட்டியே மூடுகிறது என்பதும், படுக்கையின் அழுத்தத்தால் வரும் தட்டை மூளையை நெருக்குவதில்லை என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது. கட்டிவிட்டோம்.

கடைசியில் நாங்கள் போய்ப் பார்த்த குழந்தைகள் நல மருத்துவர் அளவுகோலைக்கூட எடுக்கவில்லை. மண்டையோட்டு எலும்புகள் சேரும் தையல்களின் மீது விரலை ஓட்டிப் பார்த்தார். பின்தலைத் தையல் முன்கூட்டியே இறுகிவிட்டால் தட்டையான பக்கத்துக் காது பெரும்பாலும் பின்னுக்கு இழுபடும், அது அரிது, அறுவை சிகிச்சை தேவைப்படலாம். இங்கே காது முன்னால் வந்திருப்பதால் இது படுக்கை அழுத்தம்தான் என்று விளக்கினார். பிறகு ஒரு கிலுகிலுப்பையை வலமிருந்து இடமாக மெல்ல நகர்த்தினார். மகளின் கண்கள் அதன் பின்னாலேயே போயின; முகவாய் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. இடப்பக்கக் கழுத்துத் தசையின் இறுக்கத்தால் அவள் எப்போதும் வலப்பக்கமே திரும்பிப் படுத்திருக்கிறாள். எத்தனையோ நாள் பக்கத்தில் படுத்திருந்தும் எங்கள் கண்ணில் அது படவே இல்லை.

பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தந்த கழுத்துப் பயிற்சி, விழித்திருக்கும்போது கண்ணெதிரில் குப்புறப் போடுதல், எங்கள் குரலும் வெளிச்சமும் இடப்பக்கமிருந்து வரும்படி படுக்கையைத் திருப்பிப் போடுதல் ஆகியவைதான் சிகிச்சை. தூங்கும்போது மல்லாந்தே படுக்க வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். குழந்தைகளைக் குப்புறத் தூங்கவைக்க வேண்டாம் என்று 1992-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அறிவுறுத்திய பிறகு தட்டைத் தலைகள் கூடினாலும், தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் பெருமளவு குறைந்தன.

ஹெல்மெட்டே மோசடி என்று நான் சொல்லவில்லை; கடுமையான கோணலுக்கு மருத்துவரே அதைப் பரிந்துரைப்பதுண்டு. ஆனால் நெதர்லாந்தில் 84 குழந்தைகளை வைத்து நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஹெல்மெட் அணிந்தவர்களில் 26 சதவீதமும் அணியாதவர்களில் 23 சதவீதமும் முழுமையாகச் சீரடைந்திருந்தனர். நாளுக்கு 23 மணி நேரம் அதை மாட்டியிருக்க வேண்டும் என்பதை நிலையத்தில் பணம் கட்டிய பிறகே சொன்னார்கள்.

இப்போது அவளுக்குப் பத்து மாதம். கழுத்து இருபுறமும் தாராளமாகத் திரும்புகிறது; தலையில் எஞ்சியிருக்கும் சிறு தட்டை தெரிந்து தேடுபவருக்கே புலப்படும். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் "பதிவுக் கட்டணம் திருப்பித் தரப்படாது" என்றிருந்ததைக் காட்டினார்கள்.